வெளியாள் சாட்சி

முதலாளி வந்ததும் வராததுமாக இறந்துபோனவரின் நாற்காலியில் போய் உட்கார்ந்தார். அந்த வீட்டில் கைப்பிடி வைத்த நாற்காலி அது ஒன்றுதான். கைப்பிடி வைத்த நாற்காலி உலகத்தில் எங்கே கிடந்தாலும் அது தனக்காகப் போட்டது என்று நினைத்துக்கொள்கிற ரகம் அவர். கூட வந்த போதகர் சின்ன வயசுக்காரர். மடக்கு நாற்காலியின் நுனியில் தொற்றிக்கொண்டு, முதலாளி காப்பியை எடுத்தால் தானும் எடுத்தார், வைத்தால் தானும் வைத்தார்.

அவள் சமையலறை நிலையில் சாய்ந்து நின்றாள். வந்த விஷயம் அவளுக்குத் தெரியும். கணவர் கண்மூடி ஒரு வருஷம் ஆகப்போகிறது. அவர் சபையின் மூப்பர். சபையை நடத்துகிற பெரியவர்களில் ஒருவர் போய்விட்டால் அந்த இடத்துக்கு இன்னொருவரைத் தேர்ந்தெடுத்தாக வேண்டும். அந்த இடத்தின் மேல் முதலாளிக்கு, மூப்பர் செத்த அன்றைக்கே கண் விழுந்துவிட்டது என்று சொல்பவர்கள் உண்டு. அதற்கும் முன்னாலேயே விழுந்ததைப் பார்த்தவள் அவள்.

பிழைப்புக்கு அவள் கணவர் இதே முதலாளியின் சலவை ஆலையில் மேஸ்திரி. ஆஸ்பத்திரிகளிலிருந்தும் தங்கும் விடுதிகளிலிருந்தும் வண்டி வண்டியாக வருகிற அழுக்குத் துணியை வெளுத்து, நீராவி உருளையில் விட்டுத் தேய்த்து, மடித்து அனுப்புகிற இடம். இரண்டு பேரும் ஒரே சபை. ஞாயிற்றுக்கிழமை 'பிரதர்', திங்கட்கிழமை 'யோவ்'. ஆலையில் வேலை செய்பவர்கள் முதலாளிக்கு 'ஸ்தோத்திரம்' என்று பட்டப்பெயர் வைத்திருந்தார்கள். பாய்லர் புகைந்தால் ஸ்தோத்திரம், பழைய ஆள் நின்றுபோனால் ஸ்தோத்திரம், யாராவது சம்பளம் கூட்டிக் கேட்டால் மட்டும் "ஜெபிப்போம்".

முதலாளி தொண்டையைச் செருமிக்கொண்டார். வருகிற ஞாயிறு தேர்தல் என்றார். தனக்கு இதில் ஆசை ஒன்றும் இல்லை, ஆனால் பாரம் இருக்கிறது என்றார். ஆசை இல்லாதவர் அதற்காக நான்கு தெரு தாண்டி வெயிலில் நடந்து வந்திருக்க வேண்டாம் என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

"அக்கா, கடைசியா ஆஸ்பத்திரியில நான் அவர் கையைப் பிடிச்சு ஜெபம் பண்ணேன்ல. அப்ப அவர் என் கையை அழுத்தினார். ஒரு தடவை இல்ல, திரும்பத் திரும்ப அழுத்தினார். மந்தையை உன் கையில குடுத்துட்டுப் போறேன்னு சொன்ன மாதிரி இருந்துச்சு எனக்கு. அதை நீங்க சபைக்கு முன்னாடி ஒரு வார்த்தை சொன்னா நல்லா இருக்கும்."

போதகர் இந்த இடத்தில் தலையை ஆட்ட வேண்டும் என்று முன்கூட்டியே பேசி வைத்திருந்தார்கள் போல. ஆட்டினார்.

அவளுக்குச் சிரிப்பு வந்தது. கடைசி நாட்களில் கணவருக்குப் பேச்சு நின்றுபோயிருந்தது. புருஷனும் பெண்சாதியும் கைஜாடையில் ஒரு பாஷை வைத்திருந்தார்கள். தண்ணீருக்கு விரலால் தட்டுவார். வலி என்றால் கையை இழுப்பார். கையை அழுத்தினால் பெட்பான் வேண்டும் என்று அர்த்தம். அந்த அழுத்தலைத்தான் இந்த மனிதர் அபிஷேகம் என்று எடுத்துக்கொண்டு இத்தனை மாதம் நெஞ்சில் சுமந்து திரிந்திருக்கிறார்.

முதலாளி இன்னொன்றும் சொன்னார். சபைக்குப் பக்கவாட்டில் பிள்ளைகளுக்கு ஒரு கூடம் கட்டப்போகிறார்கள். தான் மூப்பரானால் அந்தக் கூடத்துக்கு அவள் கணவர் பெயரை வைப்பதாக மனசில் இருக்கிறது என்றார். கல்லில் வெட்டி வாசலில் பதிக்கலாம். மூப்பர் ஆகாவிட்டால் மனசில் என்ன இருக்கும் என்று அவர் சொல்லவில்லை.

அவள் யோசித்துச் சொல்கிறேன் என்றாள். இரண்டு பேரும் எழுந்து, கண்ணை மூடி, நீளமாக ஜெபம் செய்துவிட்டுப் போனார்கள். ஜெபத்தில் அவள் பதிலை முதலாளியே கடவுளிடம் சொல்லிவிட்டார்.

மறுநாள் நாத்தனார் வந்தாள். செத்தவருக்கு ஒரே தங்கை. அண்ணன் மேல் உயிரை விட்டவள், அதே அளவு வாயையும் விடுகிறவள். அவளிடம் முதலாளி முந்திக்கொண்டுவிட்டது வாசலில் செருப்பைக் கழற்றும்போதே தெரிந்தது.

"அண்ணி, ரெண்டு வார்த்தை சொன்னா உங்க நாக்கு தேஞ்சா போயிடும்? அண்ணன் பேரு கல்லுல இருக்கும். நீங்களும் நானும் போய்ச் சேர்ந்தப்புறம் யாரு அண்ணனை நினைக்கப் போறா?"

அதுதான் அவளைக் குத்தியது. முதலாளி சொன்ன எதுவும் உள்ளே இறங்கவில்லை, இது இறங்கியது. பிள்ளை குட்டி இல்லாத வீடு. அவள் பள்ளிக்கூட நூலகத்தில் கிழிந்த புத்தகங்களை ஒட்டித் தைக்கிற வேலை பார்ப்பவள். எத்தனை பெயர்கள் அட்டையோடு சேர்ந்து உதிர்ந்து குப்பைக்குப் போகின்றன என்று தினமும் பார்ப்பவள். கணவரிடம் பேர் சொல்லும்படி என்ன இருந்தது? மேடையில் ஏறி ஒரு நாளும் சாட்சி சொன்னதில்லை. ஜெபம் பண்ணச் சொன்னால் தந்தி அடிப்பது போல முடித்துவிடுவார். நோயாளியைப் பார்க்கப் போனால் பக்கத்தில் உட்கார்ந்து ஆறுதல் சொல்லத் தெரியாது. எழுந்து போய் அந்த வீட்டில் ஒழுகுகிற குழாயை முறுக்கிக்கொண்டிருப்பார். முன்கோபம் வேறு. ஆலையில் என்ன நடந்தது என்று வீட்டில் வந்து விரித்துச் சொல்கிறவரும் இல்லை. சட்டையைப் பார்த்து அவள்தான் ஊகித்துக்கொள்வாள்.

ஒரு பொய், அதுவும் பாதிப் பொய். கையை அழுத்தியது நடந்ததுதானே. அந்த வாரம் முழுக்க அவள் அந்தப் பாதியையே கையில் வைத்து உருட்டிக்கொண்டிருந்தாள். சொன்னால் அவருக்கு ஒரு கல் உண்டு. அந்தக் கல்லின் நிழலில் ஸ்தோத்திரம் காலம் முழுக்கக் குளிர்காய்ந்துகொண்டிருப்பார். சொல்லாவிட்டால் ஒன்றும் இல்லை.

அந்தச் சபையில் ஒரு வழக்கம் உண்டு. சபையைத் தொடங்கிய பழைய போதகர் வைத்துவிட்டுப் போனது. உள்ளே வந்து உட்கார்ந்தால் எல்லாரும் யோக்கியர்தான், வேலைக்குப் போகிற இடத்தில் எப்படி என்று வெளியாளைக் கேளுங்கள் என்பார் அவர். அதனால் மூப்பருக்குக் கை தூக்குவதற்கு முன், சபையைச் சேராத ஒருவர், அந்த மனிதரைத் தினமும் பக்கத்தில் இருந்து பார்க்கிறவர், முன்னால் வந்து தன் கண்ணால் கண்டதைச் சொல்ல வேண்டும். அவள் கணவருக்குச் சாட்சி சொல்ல அடுத்த வீட்டுக்காரர் வந்தார். "இவர் என்கூடச் சண்டை போட்டிருக்கார். மறுநாள் அவரே வந்து பேசிட்டார். இவங்க வீட்டுக் குப்பை என் வாசலுக்கு வந்ததில்லை. வேற என்ன சொல்லணும்?" என்று கேட்டுவிட்டுப் போய் உட்கார்ந்துகொண்டார். ஜனங்கள் சிரித்துக்கொண்டே கையைத் தூக்கினார்கள்.

முதலாளிக்கு இந்த வழக்கம் பிடித்தமானது. தன்கீழ் அத்தனை வெளியாட்கள் சம்பளம் வாங்கும்போது ஏன் பிடிக்காது? பாய்லர் பார்க்கிறவரைப் பிடித்தார். ஆலையில் நல்ல வாயாடி. எந்தச் சாமியையும் தொந்தரவு செய்யாதவர். ராத்திரி வேலையிலிருந்து பகல் வேலைக்கு மாற்றித் தருவதாகச் சொல்லி, நல்லதாக நாலு வார்த்தை பேசு என்றார். என்ன பேசுவாய் என்று கேட்கவில்லை. அங்கேதான் அவர் தவறினார். தன்னைப் பற்றிச் சொல்ல நல்லது மலைபோலக் குவிந்து கிடக்கிறது, கையை விட்டால் அள்ளிக்கொண்டு வந்துவிடலாம் என்று அந்த மனிதர் உண்மையாகவே நம்பினார்.

ஞாயிற்றுக்கிழமை சபை நிறைந்திருந்தது. முதலாளி முன்வரிசையில், பக்கத்தில் அவர் மனைவி. அந்த அம்மாள் பேசி யாரும் கேட்டதில்லை. அவருக்கும் சேர்த்து வீட்டுக்காரரே பேசிவிடுவதால் தேவைப்பட்டதில்லை. அவள் மூன்றாவது வரிசையில் நாத்தனாரோடு உட்கார்ந்திருந்தாள். "வெளியாள் முடிச்சதும் உங்களைக் கூப்பிடுவாங்க அண்ணி, மறந்துடாதீங்க" என்று நாத்தனார் முழங்கையால் இடித்தாள். அவள் இன்னும் முடிவு செய்திருக்கவில்லை.

பாய்லர்காரர் இரவல் கோட்டு ஒன்றில் வந்து நின்றார். மைக்கை ஊதிப் பார்த்தார். முதலாளியைப் பற்றி மூன்று விஷயம் சொல்கிறேன் என்று ஆரம்பித்தார்.

ஆஸ்பத்திரித் துணிக்குள் கண்டதும் வரும். ஒரு தடவை போர்வை மடிப்புக்குள் ஒரு பல் செட்டு வந்தது. குப்பையில் போடு என்று எல்லாரும் சொன்னார்களாம். ஐயா விடவில்லை. "வீட்டுக்கு எடுத்துட்டுப் போய், ஒரு டம்ளர்ல தண்ணி ஊத்தி, ராத்திரி பூரா ஊற வெச்சு, காலைல எடுத்துட்டு வந்து வார்டு வார்டா ஏறி இறங்கி விசாரிச்சு, அந்தப் பெரியவர் வாயில பல்லு ஏறினப்புறம்தான் வேலைக்கு வந்தாரு."

ஜனங்கள் சிரித்தார்கள். முதலாளியும் சிரித்தார். நல்ல கதையாக இருக்கவே, நடந்திருக்கும் போல என்று அவரே நம்பத் தொடங்கிவிட்டார். அவர் மனைவி மட்டும் கழுத்தை மெதுவாகத் திருப்பிப் புருஷனைப் பார்த்தாள். தன் வீட்டு டம்ளர்களை எண்ணிப் பார்க்கிற பார்வை.

மூன்றாவது வரிசையில் அவள் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தாள். அந்தப் பல் அவள் வீட்டுச் சமையல் மேடையில்தான் இருந்தது. காலையில் தூக்கக் கலக்கத்தில் தண்ணீர் குடிக்க அந்த டம்ளரை எடுத்து, உள்ளே யாரோ இளிப்பதைப் பார்த்து அவள் போட்ட கூச்சலில் அடுத்த வீட்டுக்காரர் ஓடி வந்தார். கணவர் "கொட்டிடாதே, ஒருத்தர் சாப்பிட முடியாம இருக்கார்" என்று மட்டும் சொன்னார்.

பாய்லர்காரர் அடுத்ததற்குப் போனார். உருளையில் விரிப்பு விடுகிற ஒரு பெண், மாசமாக இருந்தவள், வேலை நடுவில் மயங்கி விழுந்தாள். கீழே ரத்தம். ஐயா ஓடி வந்து உருளையை நிறுத்தினார், தன் கோட்டைக் கழற்றிப் போர்த்தினார், துணி ஏற்றப் போட்டிருந்த வண்டியில் அவளைத் தூக்கிப் படுக்க வைத்து ஆஸ்பத்திரிக்கு ஓட்டிக்கொண்டு போனார். தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள்.

இப்போது முதலாளியின் முகத்தில் சிரிப்பு அப்படியே இருந்தது. அதற்குப் பின்னால் இருந்த ஆள் மட்டும் எங்கோ போய்விட்டார். அந்த நாள் அவருக்கு நன்றாக நினைவிருக்கும். யாரைக் கேட்டு மிஷினை நிறுத்தினாய், விடுதிக்காரனுக்கு யார் பதில் சொல்வது என்று ஆலை முழுக்கக் கேட்கக் கத்தியவர் அவர். கத்தல் முடிந்ததும் ஸ்தோத்திரம் சொன்னதாகவும் ஆலையில் பேச்சு.

"மூணாவது, இது என் விஷயம்" என்றார் பாய்லர்காரர். குரல் கொஞ்சம் இறங்கியது. "துணி பக்கத்துல நான் பீடி குடிச்சேன்னு ஒரு நாள் எல்லார் முன்னாடியும் என்னைக் கிழிச்சுட்டாரு. குடிச்சது நான் இல்ல. மறுநாள் அதே எல்லாரையும் கூப்பிட்டு நிக்க வெச்சு, 'நேத்து நான் பேசினது தப்பு, இவர் மேல ஒண்ணும் இல்ல, மன்னிச்சுக்குங்க'ன்னு என்கிட்டக் கேட்டாரு. எங்கப்பாகூட என்கிட்ட அப்படிக் கேட்டதில்ல. அவ்வளவுதான்."

சபையில் யாரும் சிரிக்கவில்லை. பல் கதையை நம்பினார்கள், வண்டிக் கதையையும் நம்பினார்கள். முதலாளி ஒருவரிடம் மன்னிப்புக் கேட்டார் என்பதை விழுங்க எவருக்கும் தொண்டை இடம் கொடுக்கவில்லை. பின்வரிசையில் யாரோ "யாரு, இவரா?" என்று கேட்டது முன்வரிசை வரை வந்தது.

போதகர் அவசரமாக எழுந்து, மறைந்த மூப்பரின் துணைவியார் இப்போது ஒரு வார்த்தை சொல்வார்கள் என்றார்.

அவள் நடந்து போனாள். உருட்டிக்கொண்டிருந்த அந்தப் பாதிப் பொய் எந்த வரிசையில் கீழே விழுந்தது என்று அவளுக்கே தெரியாது. மைக் அவள் உயரத்துக்கு இல்லை. அதைச் சரி செய்ய யாரும் வரவில்லை. மைக் இல்லாமலே பேசினாள்.

"இப்ப பேசினவர் சொன்னது எல்லாம் உண்மை. அந்தப் பல்லு என் டம்ளர்லதான் இருந்துச்சு. அந்தக் கோட்டை நான்தான் துவைச்சேன்; கறை போகல. மன்னிப்புக் கேட்கிறதுக்கு முந்தின ராத்திரி தூங்காம, காலைல சாப்பிடாமப் போனாரு என் வீட்டுக்காரர். என்ன ஆச்சுன்னு கேட்டேன். சொல்லல. இன்னைக்குத்தான் எனக்குத் தெரிஞ்சுது."

முதலாளி வலதுகையால் இடதுகையைத் தடவிக்கொண்டிருந்தார். அவள் அந்தக் கையைப் பார்த்தாள்.

"கையை அழுத்தினதைச் சொல்லச் சொன்னாங்க. அவருக்குப் பேச்சு இல்லாதப்போ, பெட்பான் வேணும்னா கையை அழுத்துவாரு. அதுதான் எங்க ஏற்பாடு. பிரதர் கண்ணை மூடி ஜெபம் பண்ணிக்கிட்டே இருந்தாரு. நான் மருந்து வாங்கிட்டு உள்ள வந்தப்போ படுக்கை நனைஞ்சிருந்துச்சு."

இதற்கு மேல் அவளிடம் எதுவும் இல்லை. போய் உட்கார்ந்தாள். நாத்தனார் அவள் புடவை முந்தானையைப் பிடித்து, முகத்தை அதிலேயே துடைத்துக்கொண்டாள்.

அந்த நேரத்தில் முதலாளி தலைகுனிந்து ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், அந்த நாற்காலிக்கு அவர் கொஞ்சமாவது பொருத்தமாகியிருப்பார். மனிதர் எழுந்தார். மைக்கைத் தன் உயரத்துக்கு நிதானமாக ஏற்றினார். ஸ்தோத்திரம் என்றார். அக்காவின் துக்கம் தனக்குப் புரிகிறது என்றார். ஆலையில் நடந்த நல்லது யார் கையால் நடந்தால் என்ன, அந்த மேஸ்திரியை வேலைக்கு வைத்தது யார், அப்படி ஒரு சூழ்நிலையை உண்டாக்கிக் கொடுத்தது யார் என்று கேட்டார். கேட்டுவிட்டுத் தன்னையே பார்த்துக்கொண்டார்.

போதகர் கை தூக்கச் சொன்னார். கட்டப்போகிற கூடத்துக்குச் செங்கல் யார் தருகிறார் என்பது எல்லாருக்கும் தெரியும். கைகள் ஒவ்வொன்றாக, பக்கத்துக் கையைப் பார்த்துப் பார்த்து மேலே போயின. நாத்தனார் கையைப் பாதி தூக்கி, தலையைச் சொறிந்துவிட்டு இறக்கிக்கொண்டாள். முன்வரிசையில் முதலாளியின் மனைவி இரண்டு கையையும் மடியில் வைத்து, ஒன்றின் மேல் ஒன்றைப் பூட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எண்ணிக்கை முடிகிற வரைக்கும் பூட்டைத் திறக்கவில்லை. புது மூப்பருக்கு எல்லாரும் கை கொடுத்தார்கள். கூடத்து வாசலில் இனி யார் பெயர் வரும் என்று அவளுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

அவள் வெளியே வந்தபோது பாய்லர்காரர் மதில் ஓரமாக, சபையில் கொடுத்த பிஸ்கட்டைத் தின்றுகொண்டிருந்தார். அவளைப் பார்த்ததும் வாயைத் துடைத்துக்கொண்டு நேராக நின்றார்.

"அக்கா, கோவிச்சுக்காதீங்க. நல்லதா நாலு வார்த்தை சொல்லுன்னாரு. ஸ்தோத்திரத்தைப் பத்தி ஒரு வாரமா யோசிச்சுப் பாத்தேன், ஒண்ணும் சிக்கல. எனக்குத் தெரிஞ்ச நல்லது மேஸ்திரி பண்ணதுதான். அதான் ஆளை மாத்திட்டேன். நீங்க வந்திருப்பீங்கன்னு தெரியாது."

"பகல் வேலை கிடைக்குமா இனிமே?"

"எங்க கிடைக்கும். ஜெபிப்போம்" என்றார் அவர், முதலாளியின் குரலிலேயே.

கொஞ்ச தூரம் இரண்டு பேருக்கும் ஒரே வழி. நாத்தனார் யாரோடோ வாய்ச்சண்டையில் பின்தங்கிவிட்டாள். தன் வீட்டுக்காரரைப் பற்றி வேறு ஏதாவது இருக்கிறதா என்று அவள் கேட்டாள்.

"இருக்கு. ஆனா அதெல்லாம் சபையில சொல்ற மாதிரி இல்லக்கா."

"இது தெருதானே. சொல்லுங்க."

பாய்லர்காரர் ஒரு தடவை திரும்பிப் பார்த்துக்கொண்டார். மத்தியானச் சாப்பாடு ஆனதும் மேஸ்திரி உலர்த்தும் மிஷினுக்குப் பின்னால், மடித்து வைத்த சூடான விரிப்புகளின் மேல் ஏறிப் படுத்துவிடுவார் என்றார். காவலுக்குத் தன்னை நிறுத்தி வைப்பாராம். ஒரு நாள் குறட்டை பலமாகப் போய்விட்டது. வெளியே நடந்து போன முதலாளி காதில் விழுந்து, மிஷினில் ஏதோ கோளாறு என்று கம்பெனி மெக்கானிக்கை வரவழைத்துவிட்டார். தானும் வாயைத் திறக்கவில்லை, மேஸ்திரியும் எழுந்து வந்து பயபக்தியோடு பக்கத்தில் நின்றுகொண்டார், அவன் மிஷினை முழுக்கக் கழற்றிப் போட்டுவிட்டான் என்றார்.

அவள் நடையைக் குறைத்தாள். வீடு பக்கத்தில் வந்துவிட்டிருந்தது.

"மெக்கானிக் என்ன கோளாறுன்னு சொன்னாரு?" என்று கேட்டாள்.